ஒரே பதில், இரண்டு தராசு

அன்புள்ள ஜெயா,

உன் கடிதம் வந்தது. நீ எழுதியதில் பாதி எனக்குச் சரியாகப் பட்டது, பாதி ஒப்பவில்லை. அதனால் ஆற அமர எழுதலாம் என்று வைத்திருந்தேன். முதலில் வீட்டுச் சேதி. இவருக்கு முழங்கால் ஆபரேஷன் முடிந்துவிட்டது, இப்போது மாடிப்படி ஏறுகிறார், குப்பைத் தொட்டியை வெளியே வைக்கச் சொன்னால் மட்டும் வலி திரும்பி வந்துவிடுகிறது. சின்னவள் அபர்தீனில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நான் அதே ஆஸ்பத்திரி லேப், அதே ராத்திரி ஷிஃப்ட். கிளாஸ்கோ மழையைப் பற்றி எழுதினால் நீ கடிதத்தைக் கீழே வைத்துவிடுவாய், விடு.

சரி, நீ அனுப்பிய வீடியோவுக்கு வருகிறேன். கிறிஸ்தவர் என்றால் பத்திரிகைக்காரர்கள் கிழித்துத் தொங்கவிடுவார்கள், முஸ்லிம் என்றால் தொடவே மாட்டார்கள், அதற்கு ஸ்காட்லாந்து அரசியல்வாதி கேட் ஃபோர்ப்ஸே சாட்சி என்று அந்த ஆள் கத்துகிறார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று நீயும் சேர்த்து எழுதியிருந்தாய். அந்த ஆள் இதை இங்கிலாந்தில் நடந்ததாகச் சொல்கிறார், இது ஸ்காட்லாந்து. இங்கே வந்து அப்படி மாற்றிச் சொல்லிவிடாதே, சண்டைக்கு வந்துவிடுவார்கள். ஆனால் நடந்ததை நான் இங்கிருந்து பார்த்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2023 பிப்ரவரி 15 அன்று நிக்கோலா ஸ்டர்ஜன் முதலமைச்சர் பதவியிலிருந்து விலகப்போவதாக அறிவித்தார். அவருடைய எஸ்.என்.பி. (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) கட்சிக்குப் புதுத் தலைவர் வேண்டும். ஃபோர்ப்ஸ் அப்போது நிதியமைச்சர், கைக்குழந்தையோடு பிரசவ விடுப்பில் இருந்தார். 2020-இல் முந்தைய நிதியமைச்சர் திடீரென்று விலகியபோது சில மணி நேர அவகாசத்தில் பட்ஜெட்டை வாசித்தவர், அன்றைக்கு இருபத்தொன்பது வயதுதான், பத்திரிகைகள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடின. அவர் ஃப்ரீ சர்ச் என்கிற பழமைவாதக் கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர் என்பது ஒன்றும் ரகசியமில்லை, தன் விசுவாசத்தைப் பற்றி அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். (உனக்கு ஒரு துணுக்கு: நம்ம தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியை வளர்த்தெடுத்த வில்லியம் மில்லர் ஃப்ரீ சர்ச் மிஷனரிதான். 1900-இல் அந்தச் சபையில் பெரும்பாலோர் வேறொரு சபையோடு இணைந்துவிட்டார்கள், இணைய மாட்டோம் என்று நின்ற சிறு கூட்டத்தின் தொடர்ச்சிதான் இன்றைய ஃப்ரீ சர்ச். ஃபோர்ப்ஸும் சின்ன வயதில் கொஞ்ச காலம் இந்தியாவில் இருந்தவர்.) பட்ஜெட் போடும்வரை யாருக்கும் அந்தச் சபை உறுத்தவில்லை. நாற்காலிக்குக் கை நீட்டியதும் உறுத்தியது.

பிப்ரவரி 20 அன்று போட்டியிடப்போவதாக அறிவித்தார். ஒரு சேனல் முடிந்து அடுத்த சேனல் என்று வரிசையாகப் பேட்டி. 2014-இல் தன்பாலினத் திருமணச் சட்டம் வந்தபோது நீங்கள் எம்.எஸ்.பி.யாக (ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினராக) இருந்திருந்தால் எப்படி வாக்களித்திருப்பீர்கள் என்பதுதான் கேள்வி. எதிர்த்துத்தான் வாக்களித்திருப்பேன் என்று நேராகச் சொல்லிவிட்டார். இன்றைக்கு அது சட்டம், அந்த உரிமையை நான் பாதுகாப்பேன் என்பதையும் கூடவே சொன்னார், ஆனால் அந்த இரண்டாம் பாதி யார் காதிலும் விழவில்லை. அப்புறம் திருமணத்துக்கு வெளியே பிள்ளை பெறுவதைப் பற்றிக் கேட்டார்கள். என் மத நம்பிக்கைப்படி அது தவறு, என் வாழ்க்கையில் நான் அதைத் தவிர்ப்பேன் என்றார். ஒரே நாளில் ஆதரவாக நின்ற சகாக்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

எங்கள் லேபின் டீ ரூமில் ஒரு டிவி உண்டு, எப்போதும் சத்தமில்லாமல் எழுத்து மட்டும் கீழே ஓடும். அந்தப் பதில் ஓடியபோது என்னோடு வேலை செய்கிற ஒரு பெண்ணும் அங்கே இருந்தாள், இரண்டு பிள்ளைகளின் தாய், அவர்கள் அப்பாவோடு ரொம்ப வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள், கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை. பிஸ்கட்டை டீயில் முக்கியபடியே, "அப்போ என் பிள்ளைகளைப் பற்றி அந்தம்மா என்ன நினைக்கிறாள்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஸ்காட்லாந்தில் பிறக்கிற குழந்தைகளில் பாதிக்கு மேல் திருமணம் ஆகாத பெற்றோருக்குப் பிறப்பவை. அதனால் அந்தக் கேள்வியே கேட்டிருக்கக் கூடாது என்று உன் வீடியோக்காரர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நாட்டை ஆள வருகிறவரிடம் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. எதிரே நின்றவர் ஹம்சா யூசஃப். தொழுகை, நோன்பு எதையும் விடாத முஸ்லிம், அதையும் அவர் மறைத்ததில்லை. அவரிடமும் கேட்டார்கள், கேட்கவே இல்லை என்பது பொய். மறைநூல் சொல்வதை நான் மாற்ற முடியாது, ஆனால் அதை வைத்து நான் சட்டம் செய்வதில்லை, தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கிறேன் என்ற மாதிரி பதில் சொன்னார். நல்ல பதில்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இவருக்கு ஒரு பழைய கணக்கு இருந்தது. 2014 பிப்ரவரி 4 அன்று அந்தச் சட்டத்தின் இறுதி வாக்கெடுப்பு நடந்தபோது, 105 பேர் ஆதரவாகவும் 18 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள், யூசஃப் அவையில் இல்லை. முதல் கட்டத்தில் ஆதரித்தவர், கடைசி வாக்கெடுப்பன்று பாகிஸ்தான் தூதரக அதிகாரி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். மதநிந்தனை வழக்கில் அங்கே மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்காகப் பேசத்தான் போனேன் என்பது அவர் விளக்கம். அந்தச் சட்டத்தை அன்று முன்னெடுத்த அமைச்சர் அலெக்ஸ் நீல், மசூதித் தரப்பு நெருக்குதலால்தான் யூசஃப் அனுமதி கேட்டு வாங்கி விலகியிருந்தார் என்று பகிரங்கமாகச் சொன்னார். யூசஃப் மறுத்தார். யார் சொல்வது உண்மை என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. ஆனால் யோசித்துப் பார், ஒருத்தி, தான் உறுப்பினராகவே இல்லாத காலத்து வாக்கெடுப்பில் என்ன செய்திருப்பாள் என்பது நாள் கணக்கில் தலைப்புச் செய்தி. இன்னொருவர் உறுப்பினராக இருந்தும் அதே வாக்கெடுப்பில் என்ன செய்தார் என்பதைச் சக கட்சிக்காரர் ஒருவர் வாய் திறந்த பிறகுதான் சேனல்கள் தோண்டின.

இதில் மதத்தைவிட வேறொன்று பெரிதாகத் தெரிகிறது எனக்கு. நமக்குப் பிடித்த ஆள் ஒரு பழமைவாதக் கருத்தைச் சொன்னால் அது தேர்தல் கணக்கு, மனசுக்குள் அவர் நம்ம பக்கம்தான் என்று பத்திரிகைக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். பிடிக்காத ஆள் அதையே சொன்னால் அது அவருடைய நிஜ முகம். வார்த்தை ஒன்றாகவே இருக்கும், முன்னவருக்குச் சலுகை, பின்னவருக்குத் தண்டனை.

அமெரிக்காவில் இது அச்சு அசலாக நடந்திருக்கிறது. 2008 ஆகஸ்ட்டில் கலிபோர்னியாவில் ரிக் வாரன் என்ற பாதிரியாரின் சபை மேடையில் ஒபாமா உட்கார்ந்து, திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான பந்தம் என்று சொன்னார், கிறிஸ்தவனாக எனக்கு அது புனிதமான பந்தம் என்றும் சேர்த்துக்கொண்டார். நவம்பரில் ஜெயித்தார். 2009 ஏப்ரலில் மிஸ் யுஎஸ்ஏ போட்டி மேடையில் கலிபோர்னியா அழகி கேரி ப்ரஜீனிடம் இதே விஷயத்தைக் கேட்டார்கள். அவர் சொன்னதும் கிட்டத்தட்ட அதே பதில். கேள்வி கேட்ட நடுவரே அன்றிரவு வீடியோ போட்டு அந்தப் பெண்ணைக் கேவலமாகத் திட்டினார், வாரக்கணக்கில் டிவி முழுக்க அதே பேச்சு. அவர் கிரீடத்தைப் பறிக்கப்போவதில்லை என்று அறிவிக்க மேடையேறியவர் யார் தெரியுமா, அந்தப் போட்டியை நடத்திய டிரம்ப். இது ஜனாதிபதி சொன்ன அதே பதில்தானே என்றார். அந்த மனிதர் மேல் எனக்கு என்ன அபிப்பிராயம் என்பது உனக்குத் தெரியும், ஆனால் அன்றைக்கு அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. அதே வருடம் ஜூனில் புஷ் காலத்துத் துணை ஜனாதிபதி டிக் செனி, அவர் மகள் தன்பாலினத்தவர், சுதந்திரம் என்றால் எல்லோருக்கும்தான் சுதந்திரம், யாரும் யாரையும் மணக்கட்டும், மாநிலங்கள் முடிவு செய்யட்டும் என்று பேசினார். ஈராக்குக்குப் படை அனுப்பிய அரசில் இருந்தவர் பதவியில் இருந்த ஒபாமாவைவிட இந்த விஷயத்தில் முன்னே நின்றார். அந்த வருடத்துப் பேச்சுகளை வைத்து யார் பிற்போக்கு, யார் முற்போக்கு என்று புதிதாக ஒருவர் எழுதினால் தலைகீழாகத்தான் வரும்.

ஒபாமா 2012 மே மாதம், துணை ஜனாதிபதி பைடன் டிவியில் முந்திக்கொண்டு பேசிவிட்ட சில நாட்களில், தானும் ஆதரிக்கிறேன் என்றார். 2015-இல் அவருடைய ஆலோசகர் டேவிட் ஆக்சல்ராட் தன் புத்தகத்தில், ஒபாமா மனசுக்குள் முன்பே ஆதரித்தார், கறுப்பினச் சபைகளின் எதிர்ப்பைக் கருதித்தான் வெளியே வேறு சொன்னார் என்று எழுதினார். அதாவது பத்திரிகைக்காரர்கள் ஊகித்தது சரியாகப் போய்விட்டது! இங்கேதான் எனக்கு எரிச்சல். மனசில் ஒன்று வைத்து வாயில் ஒன்று சொன்னவருக்குப் பாராட்டு, மனசில் உள்ளதை வாயால் சொன்ன ஃபோர்ப்ஸுக்கு அடி. அடுத்து வருகிற இளம் அரசியல்வாதி இதிலிருந்து என்ன கற்றுக்கொள்வான்?

ஆனால் உன் வீடியோக்காரர் ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. ஃபோர்ப்ஸின் நம்பிக்கை அவர் சொந்த விஷயம் என்று உருகுகிறவர்கள், ஆள் முஸ்லிம் என்றால் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். லண்டன் மேயர் சாதிக் கான் 2013-இல் தன்பாலினத் திருமணத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர், அதற்காகவே கொலை மிரட்டல் வாங்கினார். 2016 மேயர் தேர்தலில் அவரை எதிர்த்த ஸாக் கோல்ட்ஸ்மித்தின் கட்டுரையை மெயில் ஆன் சண்டே பத்திரிகை எப்படி அச்சிட்டது? 2005 ஜூலையில் இஸ்லாமியத் தீவிரவாதிகள் லண்டனில் நடத்திய குண்டுவெடிப்பில் சிதைந்த சிவப்பு பஸ்ஸின் படத்தோடு. நம்பிக்கை ஒருவரது சொந்த விஷயம் என்ற நியாயம் அன்றைக்கு எங்கே போயிருந்தது? இந்த வியாதி ஒரு பக்கத்துக்கு மட்டும் வருவதில்லை, ஜெயா.

இன்னொன்று. அந்தப் பரபரப்பில் ஃபோர்ப்ஸ் கதை முடிந்தது என்று எழுதித் தள்ளினார்கள். மார்ச் 27 அன்று முடிவு வந்தபோது யூசஃப் 52.1 சதவீதம், ஃபோர்ப்ஸ் 47.9. மயிரிழையில்தான் போனது. கட்சிக்காரர்கள் எல்லோரும் அவர் கருத்தை ஒப்புக்கொண்டு வாக்களித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை, பேச்சில் ஒளிவுமறைவு இல்லை என்பதற்காகவே போட்டவர்களும் இருந்திருப்பார்கள். 2023-இல் இப்படிப்பட்ட கருத்துள்ளவர் தலைமைக்குப் பொருத்தமா என்று கட்சியினர் முடிவு செய்யட்டும் என்று நாசூக்காகக் குத்தியவர் அதே கட்சியின் மூத்த தலைவர் ஜான் ஸ்வின்னி. 2024 மே மாதம் அவரே முதலமைச்சரானதும் ஃபோர்ப்ஸைத்தான் துணை முதலமைச்சராக உட்கார வைத்தார். கருத்தும் மாறவில்லை, ஆளும் மாறவில்லை, பேட்டி எடுப்பவர்களின் சுருதி மட்டும் இறங்கிவிட்டது. கிரீன் கட்சிக்காரர்கள்தான் விடாமல் கேட்டார்கள், அது அவர்கள் கொள்கை, குறைந்தபட்சம் ஆள் பார்த்துக் கேட்கவில்லை.

நீ இத்தனை வருடம் பத்திரிகை டெஸ்க்கில் உட்கார்ந்தவள், அதனால் உன்னிடமே கேட்கிறேன். ஒரு வேட்பாளரிடம் கேட்ட கேள்வியை மற்ற வேட்பாளரிடமும் அதே வார்த்தையில் கேட்க வேண்டும், பதிலையும் அதே அளவு இடத்தில் போட வேண்டும் என்று உங்கள் ஆபீஸில் யாராவது எப்போதாவது சொல்லியிருக்கிறார்களா? இல்லை, எந்தப் பதில் தலைப்புக்கு உதவுமோ அதுதான் பெரிதாகுமா? தேர்தல் நேரத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ பக்கம் முடித்துவிட்டு ஹாஸ்டலுக்கு வந்து புலம்புவாயே, அதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது, மழுப்பாமல் எழுது.

டிசம்பரில் நாங்கள் மூவரும் வருகிறோம், டிக்கெட் போட்டாயிற்று. நீ அப்போது நாகர்கோவிலில் இருப்பாயா, இல்லை மகன் வீட்டில் சென்னையிலா? அதைப் பொறுத்துத்தான் ரயில் பார்க்க வேண்டும், சீக்கிரம் சொல்.

அன்புடன்,
மேரி