சி-ஆர்ம் வருகிறதாமே!

மதுரை
மே 12

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. திட்டாதே. திருவிழா நேரம், பைக்கில் விழுந்து கை கால் முறிந்தவர்களால் எங்கள் ஆர்த்தோ தியேட்டர் நிரம்பி வழிந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியேதான். சின்னவள் பிளஸ் டூ தேறிவிட்டாள். எது வேண்டுமானாலும் படிப்பாளாம், நர்சிங் மட்டும் வேண்டாமாம்!

உங்கள் ஆஸ்பத்திரிக்கு சி-ஆர்ம், அதுதான் ஆபரேஷன் நடக்கும்போதே எலும்பை எக்ஸ்ரேயில் காட்டும் மெஷின், வருகிறது, தியேட்டர் பொறுப்பும் உனக்குத்தான் என்று எழுதியிருந்தாய். அதனால் இதைச் சொல்லியே ஆகவேண்டும்.

போன மாதம் ஒரு தொடை எலும்பு முறிவு. ஆணி போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஏழு பேர், எக்ஸ்ரே கதிரைத் தடுக்கும் லெட் ஏப்ரன், அந்த ஈய அங்கி, நாலுதான். காலை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த அட்டெண்டர் அண்ணனுக்கு வெறும் பச்சை உடுப்பு. கேட்டால், "பத்து வருஷமா இப்படித்தான் சிஸ்டர், ஒண்ணும் ஆகலை" என்கிறார். நோயாளிக்கு அவ்வளவு ஒட்டி வேறு யாரும் நிற்கவில்லை. நமக்கு வருவதில் பெரும்பகுதி நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறி வரும் கதிர்தானே! எக்ஸ்ரே பெடலை மிதிக்கும்போது ஒரு மீட்டரில் நிற்பவர் இரண்டு மீட்டருக்கு நகர்ந்தாலே ஏறக்குறைய கால் பங்காகக் குறைந்துவிடும். ஆனால் காலைப் பிடித்திருப்பவர் எங்கே நகர்வது?

அன்று கேஸ் முடிந்ததும் டெக்னீஷியனிடம் சொல்லி என் ஏப்ரனை மேசையில் விரித்து சி-ஆர்மிலேயே பார்த்தோம். மடித்து ஸ்டூல் மேல் போடுவதுதான் எங்கள் வழக்கம். மடிப்பு விழுந்த இடமெல்லாம், கோடையில் கண்மாய் வெடித்துக் கிடக்குமே, அப்படி விரிசல். நாலு வருஷமாக அதைத்தான் மாட்டிக்கொண்டு தைரியமாக நின்றிருக்கிறேன்.

பேட்ஜ் கதை இன்னும் மோசம். நம் மேல் பட்ட கதிரை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் மூன்று மாதத்துக்கொரு முறை ஆய்வகத்துக்குப் போய்வரும். எல்லோருக்கும் பூஜ்யம். வராமல் என்ன செய்யும்? பேட்ஜெல்லாம் டிராயருக்குள் அல்லவா தூங்கின! நம் மேல் படும் கதிரின் ஐந்து வருஷச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (கதிரை அளக்கும் அலகு) தாண்டக்கூடாது, எந்த ஒரு வருஷத்திலும் 30 கூடாது என்று நம் நாட்டில் வரம்பு இருக்கிறது. பேட்ஜை ஏப்ரனுக்கு உள்ளே நெஞ்சில் குத்தாமல் அந்தக் கணக்கை யார் போடுவது?

நீ மெஷினோடு சேர்த்தே ஏப்ரனும் கழுத்தில் கட்டும் தைராய்டு காலரும் கேட்டுவிடு. டாக்டர்களை எண்ணிக் கேட்காதே, உள்ளே நிற்கிற தலைகளை எண்ணிக் கேள். அப்புறம், எக்ஸ்ரே குழாய் மேசைக்குக் கீழே இருக்கட்டும். படம் வாங்கும் பக்கம் நோயாளியை ஒட்டி இருக்கட்டும். குழாய் மேலே இருந்தால் சிதறல் முகத்துக்கும் கண்ணுக்கும்தான். பக்கவாட்டில் படம் எடுத்தால் குழாய் இருக்கும் பக்கம் யாரையும் நிற்க விடாதே.

சண்டை போட்டு இங்கேயும் புது ஏப்ரன்கள் வாங்கியாயிற்று. சுவரில் தடித்த கம்பி அடித்துத் தொங்கவிடுகிறோம். அட்டெண்டர் அண்ணனுக்கு முதல் நாள் மாட்டிவிட்டதும், "கன்னுக்குட்டியத் தூக்கிட்டு நிக்கிற மாதிரி இருக்கு" என்று முனகினார். கேஸ் முடிந்ததும் கழற்றி, பழக்கதோஷத்தில் மடிக்கப் போனவர், நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் கம்பியில் மாட்டினார்.

ஆடியில் ஊருக்கு வருவாய் அல்லவா? வீட்டுக்கு வராமல் போனால் பேசமாட்டேன்.

உன்
ராணி