அந்த 45வது பிக்க குடுத்துறாதீங்க

ஏப்ரல் 2025

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் வாசகர் பக்கத்துல செந்தூல்லேர்ந்து ஒரு தம்பி எழுதியிருந்தாரு, அமெரிக்கன் ஃபுட்பால்ல இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸ் டீமு அட்லாண்டா ஃபால்கன்ஸ்கிட்ட பேசி கைல் பிட்ஸ்ங்கற டைட் எண்ட உடனே டிரேட்ல வாங்கணும், ரெண்டாவது ரவுண்டு பிக்கையே, அதாவது காலேஜ் பையனுங்கள டீமுங்க வருஷா வருஷம் வரிசையா எடுக்கற டிராஃப்ட்ல நம்ம முறையையே, குடுத்தாலும் பரவால்லன்னு. மொதல்ல சந்தோஷமாத்தான் இருந்துச்சு, தமிழ் பேப்பர்ல மான்செஸ்டர் லிவர்பூல விட்டா வேற பேச்சும் வருதேன்னு. முழுசா படிச்சு முடிச்சப்ப தே தாரிக் தொண்டையிலயே நின்னுடுச்சு.

நான் பழைய கோல்ட்ஸ் ஆளு. பாயான் லெப்பாஸ்ல ஒரு அமெரிக்கா ஃபேக்டரியில டெக்னீஷியனா இருந்தேன், எங்களுக்கு மேனேஜரா வந்தவரு இண்டியானாக்காரரு, அவரு பிடிச்சு விட்ட பைத்தியம் இது. 2007 பிப்ரவரில கோல்ட்ஸ் சிக்காகோ பேர்ஸ 29-17னு அடிச்சு சூப்பர் பவுல்ங்கற ஃபைனல தூக்குனப்ப நம்ம ஊருல திங்கக்கெழம காலை, நைட் ஷிஃப்ட் முடிஞ்சும் வீட்டுக்குப் போகாம கேன்டீன் டிவி முன்னால ஏழெட்டு பேரு நின்னுக்கிட்டே பாத்தோம், ஃபேக்டரி பஸ்ஸையும் விட்டுட்டோம். டீம் பேருலயே இண்டியா இருக்குன்னு சொல்லித்தான் கூட்டாளிங்கள சேத்தேன். சீசன் வந்தா ராத்திரி 1 மணிக்கு எந்திரிக்கணும், நவம்பர்ல அங்க கடிகாரத்த மாத்துனதும் 2 மணி, அதுக்கு வீட்டுல கெடைக்கிற அர்ச்சனை தனி.

டைட் எண்டுன்னா என்னன்னு கேக்குறவங்களுக்கு, கல்யாண வீட்டுல பந்தலும் போட்டுட்டு பந்தியும் பரிமாற வேண்டிய ஆளுன்னு வச்சுக்குங்க. ஒரு ஆட்டத்துல எதிராளிய மோதித் தடுக்கணும், அடுத்ததுல ஓடிப் போயி பந்தப் புடிக்கணும். ரெண்டையும் கத்துக்கணும்ங்கறதாலதான் இந்த எடத்துல ஆடுறவங்க நல்லா வர நாளாகும். பிட்ஸ் மட்டும் தலைகீழா வந்தாரு. 2021 டிராஃப்ட்ல 4வது ஆளா எடுத்தாங்க, அதுக்கு முன்ன எந்த டைட் எண்டையும் அவ்வளவு சீக்கிரம் எடுத்ததில்ல. மொத வருஷமே பந்தப் புடிச்சு 1,026 யார்டு தூரம் சேத்தாரு, புதுசா வந்த டைட் எண்ட் ஒருத்தரு ஆயிரத்தத் தாண்டுனது 1961ல மைக் டிட்காவுக்கு அப்புறம் இவருதான். ஆனா டச்டவுன், அதாவது பந்தோட எதிராளி எல்லைக்கோட்டத் தாண்டி பாயிண்டு எடுக்கறது, ஒண்ணே ஒண்ணு, அதுவும் லண்டன்ல ஆடுன ஆட்டத்துல. அடுத்த வருஷம் முட்டி அடிபட்டு 356 யார்டோட நின்னுச்சு, 2023ல 667, 2024ல 602. நாலு வருஷத்துக்கும் டச்டவுன் மொத்தமா 10.

தம்பி என்ன சொல்றாருன்னா, பந்து போடுற ஆளு சரியில்ல, பிட்ஸ் மேல தப்பில்லன்னு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்னு நான் பதில் சொல்ல மாட்டேன், ஏன்னா அட்லாண்டால கூடம் உண்மையிலயே கோணல்தான். மொத வருஷம் பந்து போட்டது மேட் ரையன், அவரு போனதும் மரியோட்டா, ரிட்டர், அப்புறம் கஸின்ஸ், கடைசியா பெனிக்ஸ்னு ஆள் மாறிக்கிட்டே இருந்துச்சு. எல்லாம் சரி தம்பி, நம்ம கூடம் மட்டும் நேராவா இருக்கு? நம்மாளு ஆண்டனி ரிச்சர்ட்சன் 2024 சீசன்ல போட்ட பாஸ்ல 47.7 சதவீதந்தான் கைக்குப் போய்ச் சேந்துச்சு. நூறு போட்டா பாதிகூட தேறல. 2025 சீசனுக்கு டேனியல் ஜோன்ஸ ஒரு வருஷத்துக்கு 14 மில்லியன் டாலர் குடுத்து கூட்டிட்டு வந்து ரெண்டு பேரையும் மோதவிடப் போறாங்க. யாரு ஆடுவான்னே முடிவாகல. கோணல் கூடத்துலேர்ந்து கெளப்பி இன்னொரு கோணல் கூடத்துல கொண்டாந்து விட்டா மட்டும் ஆட்டம் வந்துடுமா?

இத நாம நம்ம டீமுலயே பாத்தாச்சு, அதான் எனக்கு ஆத்திரம். எரிக் எப்ரான்னு ஒரு டைட் எண்டு, 2014ல டெட்ராய்ட் லயன்ஸ் 10வது ஆளா எடுத்தது, கைல விழுந்த பந்தக்கூட விட்டுட்டாருன்னு அங்க ரசிகருங்க திட்டாத திட்டில்ல, 2018 மார்ச்ல சும்மாவே வெளிய விட்டுட்டாங்க. கோல்ட்ஸ் ஒரு பிக்கும் குடுக்காம சம்பளம் மட்டும் பேசி எடுத்துச்சு. அந்த வருஷம் 13 டச்டவுன்! நாங்க வாட்சப்ல ஆடுன ஆட்டம் சொல்லி மாளாது. ஆனா அந்த வருஷம் பந்து போட்டது ஆண்ட்ரூ லக். 2019 ஆகஸ்ட்ல லக் திடீர்னு ஓய்வுன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு, அதே எப்ரான் அந்த சீசன்ல 3 டச்டவுன், காயம் வேற. நம்ம பழைய டைட் எண்டு டல்லஸ் கிளார்க் 2009ல 100 பந்து புடிச்சாருன்னு இன்னைக்கும் பெருமையா சொல்றோம், போட்டது பேட்டன் மேனிங்னு சேத்துச் சொல்லணுமா இல்லையா?

வெல கணக்குக்கு வர்றேன். இந்த வெளையாட்டுல நம்ம லீக் மாதிரி காசு குடுத்து ஆள வாங்கறது கெடையாது, ஆளுக்கு ஆளு, இல்லன்னா டிராஃப்ட்ல புதுப் பையன எடுக்கற உரிமைய மாத்திக்கறாங்க, அதத்தான் பிக்குன்னு சொல்றது. நம்மகிட்ட ரெண்டாவது ரவுண்டுல இருக்கறது 45வது பிக். அதக் குடுத்தா ஒரு நல்ல பையன நாலு வருஷத்துக்கு கம்மி சம்பளத்துல வச்சிருக்கற வாய்ப்பு போச்சு. பதிலுக்கு வர்ற பிட்ஸுக்கு ஒப்பந்தத்துல மிச்சம் இருக்கறது 2025ங்கற ஒரே ஒரு சீசன், அதுக்குச் சம்பளம் 10.9 மில்லியன் டாலர், நம்ம காசுக்கு கிட்டத்தட்ட 48 மில்லியன் ரிங்கிட். நல்லா ஆடிட்டா 2026 மார்ச்ல இன்னும் கேப்பாரு, ஆடலன்னா போயிடுவாரு. வாடகை வீட்டுக்கு நம்ம காசுல மாடி கட்டுற கதை லா இது.

இதே அட்லாண்டா 2020ல என்ன பண்ணுச்சு தெரியுமா? பால்டிமோர் ரேவன்ஸ்ல சரியா ஆடாத ஹேடன் ஹர்ஸ்ட்னு ஒரு டைட் எண்டுக்கு 55வது பிக்க தூக்கிக் குடுத்துச்சு. அவரும் 571 யார்டு, 6 டச்டவுன்னு மோசமில்லாமத்தான் ஆடுனாரு, ஆனா அடுத்த வருஷமே பிட்ஸ எடுத்துட்டு ஹர்ஸ்ட ஓரங்கட்டிட்டாங்க. பால்டிமோர் அந்த 55ல எடுத்த ஜே.கே. டாபின்ஸ் மொத சீசன்லயே 805 யார்டு ஓடுனாரு. இன்னொண்ணு, 2023ல நியூயார்க் ஜயண்ட்ஸ் மூணாவது ரவுண்டு பிக்க குடுத்து டேரன் வாலர்ங்கற டைட் எண்ட வாங்குச்சு, ஒரே சீசன், ஒரே டச்டவுன், 2024 ஜூன்ல மனுஷன் ஆட்டமே வேணாம்னு ஓய்வு வாங்கிட்டாரு.

கெடச்சா எடுக்கவே கூடாதுன்னு நான் சொல்லல. பேட்ரியாட்ஸ்ல ரெண்டு வருஷமா தேறாத டைட் எண்டு ஜோனு ஸ்மித்த 2023ல அட்லாண்டா வெறும் ஏழாவது ரவுண்டு பிக்குக்கு வாங்குச்சு, அதுக்கு மேல ரவுண்டே கெடையாது. அங்க ஓரளவு ஆடிட்டு மயாமி போயி 2024ல 88 பந்து புடிச்சாரு. அடிமாட்டு வெலைக்கு எடுத்தாங்க, ஆடலன்னாலும் யாருக்கும் வலிச்சிருக்காது. பிட்ஸுக்கும் நாலாவது அஞ்சாவது ரவுண்டு பிக் போதும்னு அட்லாண்டா எறங்கி வந்தா கண்ண மூடிட்டு வாங்கலாம். ஆறடி ஆறங்குல ஒசரத்துல அந்த ஓட்டம் ஓடுறவரு எல்லா டிராஃப்ட்லயும் கெடைக்க மாட்டாரு, அத ஒத்துக்கறேன். பந்தப் புடிக்க பாதி கோபுரம் மாதிரி ஒருத்தரு நடுவுல நின்னா தடுமாறுற குவாட்டர்பேக்குக்கு, அதான் பந்து போடுற ஆளுக்கு, தைரியந்தான். அந்த தைரியத்துக்கு 45வது பிக் வெலையில்லங்கறதுதான் என் சண்டை.

சிட்டி ஸ்டேடியத்துல வருஷக்கணக்கா உக்காந்தவன் நான், 1998லயும் 2001லயும் நம்ம ஊரு ஃபுட்பால்ல பினாங்கு டீமு லீக் தூக்குனதப் பாத்தவன். அதுக்கப்புறம் அந்த ஊருல கலக்குனாரு இந்த ஊருல கலக்குனாருன்னு வந்து எறங்குன வெளிநாட்டு ஸ்ட்ரைக்கருங்கள்ல எத்தன பேரு பாதி சீசன்ல பெட்டியக் கட்டுனாங்கன்னு கேட்டா என் ரெண்டு கை வெரல் பத்தாது. பேரப் பாத்து வாங்குனா அப்படித்தான்.

இன்னொண்ணையும் தம்பி மறந்துட்டாரு. இந்த 2025 டிராஃப்ட்லயே டைட் எண்டுங்க இருக்காங்க. பென் ஸ்டேட் காலேஜ்ல டைலர் வாரன், 2024 சீசன்ல 104 பந்து, 1,233 யார்டு, நேரம் வந்தா பந்த வாங்கி நேராவும் ஓடுவாரு, தானே பாஸும் போடுவாரு. மிச்சிகன்ல கோல்ஸ்டன் லவ்லண்ட். நம்ம மொத பிக் 14வது. அதுவரைக்கும் வாரன் மிச்சம் இருந்தா எடுத்துட்டு 45அ வேற எடத்துக்கு வச்சுக்கலாமே, எதுக்கு இப்பவே அவசரப்படணும்?

டிராஃப்ட் அங்க ஏப்ரல் 24ந்தேதி ராத்திரி, நமக்கு 25ந்தேதி வெள்ளிக்கெழம காலை 8 மணி. 14வது பேரு படிக்கறதுக்குள்ள ரெண்டு ரொட்டி சானாய் உள்ள போயிடும். ஆசிரியர் ஐயா, சனிக்கெழம விளையாட்டுப் பக்கத்துல யாரு யார எடுத்தாங்கன்னு ஒரு நாலு வரி போட்டீங்கன்னா நல்லாருக்கும், செந்தூல் தம்பிக்கும் எனக்கும் மட்டுமாவது பிரயோஜனப்படும்.

இப்படிக்கு,
பழைய கோல்ட்ஸ் ரசிகன்,
பாயான் பாரு, பினாங்கு