படம் தந்த அண்ணாவுக்கு நன்றி

அப்பாவின் செத்தவீட்டன்று மதியம் சைக்கிளில் வந்து, ஒரு சொப்பிங் பையை என் கையில் வைத்துவிட்டுப் போன அண்ணாவுக்கு இந்த நன்றி. அழுதபடி நின்றதில் பேர் கேட்க மறந்துபோனேன்.

2008 கடைசியில் கிளிநொச்சியிலிருந்து வெளிக்கிட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஓடியதில் எங்கள் படங்கள் எல்லாம் போய்விட்டன. அதிபரான அப்பா காவி வந்தது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளைகளின் பேர் பதிந்த சேர்வு இடாப்பை மட்டும்தான். (கலியாணப் படத்தையாவது எடுத்திருக்கலாம் என்று அம்மா அப்பாவை அவரின் கடைசிவரை ஏசினா.)

பைக்குள் ஒரு வகுப்புப் படம். ஓரமெல்லாம் தண்ணீர் பட்டுப் பழுப்பேறியிருந்தது. நடுவில் அப்பா, சட்டைப் பையில் சிவப்புப் பேனை. அந்தப் பேனையால்தான் நான் வீட்டுக்கு எழுதிய கடிதங்களையும் திருத்துவார்! பின்வரிசையில் ஒரு பொடியனின் தலைக்குமேல் நீல மையில் சின்னப் புள்ளி. அது நீங்கள்தானே?

31ஆம் நாள் அப்பாவின் நினைவாகக் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகத்தில் அந்தப் படம்தான் வருகிறது. பிரதி எடுத்துவிட்டோம். வந்து உங்கள் படத்தை வாங்குங்கோ அண்ணா, சாப்பிட்டுவிட்டும் போகலாம். அம்மா தினமும் விசாரிக்கிறா.