வெக்கப்பட்டு டெஸ்ட்டை தள்ளிப் போடாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

கருத்தடை, பால்வினை நோய் பத்தி உங்க பேப்பர்ல இன்னும் வெளிப்படையா எழுதணும்னு கேட்டுக்கறேன். நிறைய பேர் உடம்புல எதுவும் தெரியலைன்னா நோயே இல்லைன்னு நெனச்சுக்கறாங்க, ஆனா கிளமிடியா மாதிரி தொற்று வந்தா பல பெண்களுக்கு அறிகுறியே இருக்காது, கவனிக்காம விட்டா கருக்குழாய் பாதிச்சு பின்னாடி குழந்தை உண்டாகறதே கஷ்டமாகலாம், இத்தனைக்கும் சரியான ஆன்டிபயாடிக் எடுத்தா குணமாகிடும். சிபிலிஸ்ங்கற இன்னொரு பால்வினை நோயும் பென்சிலின்ல குணமாகும்.

ஹெச்ஐவி டெஸ்ட்ல ஒரு விஷயம், பாதுகாப்பில்லாம உறவு வெச்சுட்டு பயந்துபோய் மறுநாளே போய் எடுத்தா ஒண்ணும் தெரியாது, லேப்ல ரத்தம் எடுத்து பாக்கற புது வகை டெஸ்ட்லயே தொற்று தெரிய 45 நாள் வரைக்கும் ஆகலாம். ஆனா அதுவரைக்கும் சும்மா இருந்துடாதீங்க, ஆபத்து இருந்திருக்கும்னு தோணினா 72 மணி நேரத்துக்குள்ள டாக்டர்கிட்ட போனா தடுப்பு மருந்து ஆரம்பிக்கலாம், 28 நாள் விடாம சாப்பிடணும். இது தெரியாம எத்தனை பேர் தவிக்கறாங்களோ, நெனச்சாலே மனசு கஷ்டமா இருக்கு.

அவசர கருத்தடை மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் போடறோமோ அவ்வளவு நல்லது. கருப்பைக்குள்ள வெக்கற காப்பர் டியை உறவுக்கு அப்புறம் அஞ்சு நாளுக்குள்ள வெச்சாலும் கர்ப்பத்தை தடுக்கும். ஆனா இதெல்லாம் நோயைத் தடுக்காது, ரெண்டுக்கும் சேர்த்து உதவறது காண்டம்தான்.

டாக்டர்கள், நர்ஸுங்க கிட்டயும் ஒரு வேண்டுகோள். கல்யாணம் ஆயிடுச்சான்னு முகம் சுளிச்சு கேக்காதீங்க, அந்த ஒரு கேள்விக்கு பயந்தே பலபேர் வாசலோட திரும்பிடறாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி