அதே தொண்டைதான்

மதுரை,
ஆனி கடைசி

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. மூட்டுவலி குறைந்ததா? இங்கே என் மகளை வைத்து வீட்டில் ஒரு பெரிய பேச்சு நடந்து முடிந்தது. அதனால்தான் உடனே எழுத முடியவில்லை.

மெல்லிசைக் குழுவில் பாடுகிறாள் என்று முன்பே எழுதியிருந்தேன். வைகாசியில் மேலூர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் கச்சேரி. கூட்டம் கேட்டது என்று எல்.ஆர். ஈஸ்வரியின் எலந்தப்பழப் பாட்டைப் பாடி, இடுப்பில் கைவைத்து நாலு அடி ஆடியும் இருக்கிறாள். யாரோ செல்போனில் எடுத்து சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். விடிந்ததும் நாத்தனார் போன்: "நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா அண்ணி? சாமி பாட்டு மட்டும் பாடச் சொல்லுங்க." அதே மேடையில் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு ஆடிய பையனைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

எனக்கு அழுகை வந்தது, அப்புறம் கோபம். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுவிழா உனக்கு ஞாபகம் இருக்கும். இதே பாட்டுக்குத்தானே, "நல்ல வீட்டுப் பிள்ளை பாடுகிற பாட்டா இது" என்று மேடைப் படியிலிருந்து என்னை இறக்கிவிட்டார்கள். உன் தோளில் சாய்ந்து அழுதேன். அன்றைக்கு மூடிய வாய்தான்.

ஈஸ்வரி அம்மாவை நினைத்துப் பார். லூர்து மேரி ராஜேஸ்வரி என்பதுதான் முழுப்பெயர், கிறிஸ்தவக் குடும்பம். கோரஸ் பாடி மேலே வந்தவர். 1961இல் 'பாசமலர்' படத்தில் அவர் பாடிய 'வாராய் என் தோழி' இல்லாமல் நம் கல்யாண மண்டபங்கள் இருந்தனவா? 1968இல் எலந்தப்பழம் வந்தது. கிளப் டான்ஸ் பாட்டு என்றாலே அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தச் சிரிப்பும் கிறக்கமும் மூச்சுப் பிடிப்பும் எவ்வளவு கஷ்டம் என்று பாடிப் பார்த்தவளுக்குத்தான் தெரியும். ஊர் அதை 'ஒரு மாதிரி' பாட்டு என்றது. ஆடி பிறந்துவிட்டால் செல்லூரிலிருந்து வில்லாபுரம் வரை ரேடியோ செட்டில் கேட்பது யார் குரல்? 'செல்லாத்தா' என்ற அவருடைய அம்மன் பாட்டு ஒலித்ததும் அருள் வந்து ஆடுகிறார்களே, அதே தொண்டைதானடி எலந்தப்பழமும் விற்றது! அவர் எந்தப் பாட்டையும் மறைத்துக்கொள்ளவில்லை. எழுபது தாண்டிய பிறகும் 2011இல் 'ஒஸ்தி' படத்துக்கு ஒரு குத்துப் பாட்டு பாடினார்.

இதைத்தான் நாத்தனாரிடம் சொன்னேன். அவள் பதில் பேசாமல் போனை வைத்துவிட்டாள். பரவாயில்லை. கல்யாணத்துக்காகப் பாட்டை விடு என்று என் மகளிடம் நான் சொல்ல மாட்டேன்.

அன்று ராத்திரி அவளை உட்கார வைத்து, இரண்டாவது அடியில் மூச்சை எங்கே விட வேண்டும் என்று பாடிக் காட்டினேன். "அம்மா, இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். என் குரல் கரகரத்தாலும் சுருதி விலகவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி எங்கள் தெரு முனை அம்மன் கோயிலில் அவள் கச்சேரி. முதலில் செல்லாத்தா, கடைசியில் எலந்தப்பழம். முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிடு. மாட்டுத்தாவணிக்கு நான் வந்து நிற்கிறேன்.

உன் பழைய பெஞ்சுத் தோழி