மஞ்சள் பைகளைத் தூக்கிச் செல்லும் கைகளுக்கு

ஜப்பானின் எரிமலைத் தீவான சகுராஜிமாவில் எங்கள் அன்றாடத்தை நடத்திக் கொடுக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

கிழக்குக் காற்று ஓய்ந்து, காற்று மறுபக்கம் திரும்பத் தொடங்கிவிட்டது. கோடையில் கிழக்கிலிருந்து வீசும் காற்று, எரிமலைச் சாம்பலைத் தீவின் மேற்குக் கரையிலும் கடலுக்கு அப்பால் சுமார் 4 கிலோமீட்டர் தள்ளியுள்ள ககோஷிமா நகரத்திலும் கொட்டும். குளிர்காலத்தில் அதே சாம்பல் கிழக்கே உள்ள ஓசுமி தீபகற்பத்தின் பங்காகிவிடும். மேற்குக் கரையில் இருக்கும் எங்களைப் போன்ற இருவர் மட்டுமே உள்ள வீடுகளுக்கு இது கொஞ்சம் மூச்சு விடும் காலம். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு அதைச் சொல்லும் காலமும்கூட.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. எரிமலை அடிவாரத்தில் குடியிருக்கிறோம் என்றால், "எப்படித்தான் தைரியமாக இருக்கிறீர்களோ!" என்பார்கள் நம்மவர்கள். தைரியத்துக்கு இங்கே பெரிய வேலை இல்லை. சாம்பலை வாசல்வரை கொண்டு வருவது எங்கள் பாடு. வாசலுக்கு அப்பால் அதைத் தூக்க ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இங்கே குடும்பம் நடத்த முடிகிறது.

முதல் நன்றி பை எடுக்க வருபவர்களுக்கு. மஞ்சள் பை என்றதும் கல்யாண வீட்டில் தேங்காய் போட்டுத் தரும் துணிப்பை நினைவுக்கு வரும். இது சாம்பல் அள்ளுவதற்கென்றே மாநகராட்சி இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் பை. முதலில் 'விழும் சாம்பல்' என்ற பொருளில் 'கோஹாய்' பை என்றார்கள். 1991-இல் ஒரே ஓர் எழுத்தை மாற்றி 'கொகுஹாய்' பை ஆக்கினார்கள். 'சாம்பலை வெல்லும் பை' என்று பொருள். வீட்டிலும் முற்றத்திலும் விழுந்ததை அதில் கட்டி, தெருவில் அதற்கென்று குறித்த இடத்தில் வைத்தால் வண்டி வந்து எடுத்துப் போகும்.

அந்தப் பையை நிரப்புவதில் பலர் தவறிவிடுகிறார்கள். ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் சாம்பல் படிந்தால் அது 1 லிட்டர். உலர்ந்திருந்தால் ஏறக்குறைய 1 கிலோ. நனைந்தால் அதே அளவு கிட்டத்தட்ட இரண்டு கிலோவை எட்டும். 40 சதுர மீட்டர் முற்றத்தில் ஒரு மில்லிமீட்டர் விழுந்தாலே 40 கிலோ. இதை விறகு அடுப்புச் சாம்பல் போல நினைத்துப் பை முட்டத் திணித்தால், தூக்குகிறவரின் இடுப்பு போகும், பையும் அடியில் கிழியும். ஆகவே பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒருவர் பையின் வாயை விரித்துப் பிடிக்க, மற்றவர் முறத்தால் அள்ளி மெதுவாகச் சரிக்க வேண்டும். வேகமாகக் கொட்டினால் பாதி தூசியாகக் கிளம்பி இருவர் முகத்திலும் அப்பும். கல், குச்சி, இலை எதுவும் சேரக் கூடாது. குச்சி பையைக் குத்திவிடும். காற்றை வெளியேற்றி முறுக்கி, நுனியை இறுகக் கட்டி, கட்டுக்கு மேல் கைப்பிடிக்கு நாலு விரல் இடம் விட வேண்டும். அந்த நாலு விரல் இடம் முழுக்க முழுக்கத் தூக்குபவருக்காக. ஒரு பெரும் சாம்பல் மழைக்குப் பிறகு எத்தனை தெருக்களில் எத்தனை பைகளை அவர்கள் குனிந்து குனிந்து எடுக்கிறார்கள் என்பதைப் பார்த்த யாருக்கும் பையை முட்ட நிரப்ப மனம் வராது.

கூட்டும் முன் பூவாளியால் லேசாகத் தெளிக்க வேண்டும். தூசி அடங்கும் அளவுக்குத் தெளித்தால் போதும். குழாயைத் திறந்துவிட்டால் சாம்பல் குழைந்து, காய்ந்ததும் சுண்ணாம்புக் காரை போல இறுகும். அதைச் சாக்கடையில் தள்ளினால் அடியில் படிந்து கெட்டியாகி, அடுத்த மழையில் தெருவே நிற்கும். அடைத்த சாக்கடையைத் தோண்டி எடுப்பவரும் ஒரு மனிதர்தான். மழைநீர்க் குழாயின் வாயைத் துணியால் மூடிவிட்டுத்தான் கூரையைத் தொட வேண்டும். கூரையில் மேட்டிலிருந்து ஓரத்தை நோக்கி இறங்கியபடி கூட்ட வேண்டும். ஏணியின் கீழே இன்னொருவர் பிடித்துக்கொண்டு நிற்காமல் ஏறவே கூடாது. ஓட்டின் மேல் சாம்பல் மெல்லிய மணல் போல வழுக்கும். சாம்பல் விழும் ஊர்களில் சாம்பலால் வரும் காயத்தைவிடக் கூரையிலிருந்து விழுந்து வரும் காயமே பெரிய கவலை. வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு, கேட்காமலே வந்து கூரையைக் கூட்டிக் கொடுக்கும் அக்கம்பக்கத்தாருக்கு எங்கள் தனி நன்றி.

தெருவைக் கூட்டும் வண்டிக்காரர்களே, நீங்கள் பெரும்பாலும் பேசப்படாதவர்கள். முன்னால் ஒரு வண்டி தண்ணீர் தெளித்துப் போக, பின்னால் உருளைத் துடைப்பம் கட்டிய வண்டி அள்ளிக்கொண்டே வருகிறது. தண்ணீர் வண்டி இல்லாமல் துடைப்பம் மட்டும் ஓடினால் சாம்பல் இடம்தான் மாறும். நீங்கள் வருமுன் தெருவோரத்தில் நிறுத்திய காரை எடுத்துவிட வேண்டியது எங்கள் கடமை. கார் நின்ற இடத்தில் நீள்சதுரமாகச் சாம்பல் மிஞ்சிக் கிடப்பதைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்து, காற்றைப் படித்துச் சொல்பவர்கள். ககோஷிமா உள்ளூர் வானிலை ஆய்வகத்தாருக்கு எங்கள் வீட்டுத் துணிகள் அத்தனையும் கடன்பட்டவை. இங்கே தொலைக்காட்சி வானிலையில் மழை, வெயிலோடு சகுராஜிமாவின் மேலே வீசும் காற்றின் திசையும் வரும். மலையின் உச்சி 1,117 மீட்டர். புகை அதற்கும் மேலே எழும். அதனால் கொடியில் துணி ஆடும் திசையைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்து போவோம். கீழே கடற்காற்று ஒரு பக்கம் வீச, மேலே இன்னொரு பக்கம் வீசும்.

2015 முதல் சாம்பல் முன்னறிவிப்பு மூன்று வகையாக வருகிறது. முதல் வகை 3 மணி நேரத்துக்கு ஒரு முறை, அடுத்த 18 மணி நேரத்துக்கு: இப்போது வெடித்தால் எங்கே விழும் என்று சொல்லும். இரண்டாவது, வெடித்த 5 முதல் 10 நிமிடத்துக்குள் வரும் அவசர அறிவிப்பு. மூன்றாவது, 20 முதல் 30 நிமிடத்தில் அடுத்த 6 மணி நேரத்துக்கு விரிவாக வருவது. அளவும் மூன்று: 0.1 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் 'குறைவு', 0.1 முதல் 1 வரை 'சற்று அதிகம்', 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் 'அதிகம்'. முதல் அறிவிப்பைப் பார்த்துத் துணியை உள்ளே காயப்போடுவதா, வெளியே காயப்போடுவதா என்று காலையில் தீர்மானிக்கலாம். இரண்டாவது வந்தால் சன்னலைச் சாத்த வேண்டும், ஏசியின் வெளிப்பெட்டியை நிறுத்த வேண்டும், கண்ணில் லென்ஸ் இருந்தால் கழற்றிக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். 'அதிகம்' என்றால் வெளியே போவதையும் வண்டி ஓட்டுவதையும் தவிர்க்க வேண்டும் என்றே நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். சாலைக் கோடுகள் மறைந்துவிடும், பிரேக் பிடித்தாலும் டயர் வழுக்கும்.

சாம்பலை உலர்ந்த துணியால் துடைப்பது இங்கே புதிதாக வருபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. இது எரிந்த சாம்பலே அல்ல. பொடிந்த பாறையும் எரிமலைக் கண்ணாடியும் கலந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகை வைத்து உருட்டினால் நறநறவென்று முனைகள் குத்தும். அதிலுள்ள சில தாதுக்கள் சன்னல் கண்ணாடியைவிடக் கடினமானவை. கார்க் கண்ணாடியில் தண்ணீர் ஊற்றாமல் வைப்பரை ஒரு முறை ஓட்டினால் போதும், வில் போல வளைந்த கீறல் நிரந்தரமாக விழுந்துவிடும். முதலில் மேலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றி வழித்து விட வேண்டும், பிறகுதான் துணி. இரவுப் பனியில் நனைய விட்டாலும் தொல்லை. சாம்பலில் ஒட்டியிருக்கும் கந்தக, குளோரின் உப்புகள் கரைந்து அமிலமாகிப் பெயின்டையும் தகரத்தையும் அரிக்கும். இழுப்புக் கதவின் தடத்தில் சேர்ந்ததை மட்டும் முதலில் தூரிகையால் கிளறி, வேக்குவம் வைத்து இழுத்து, கடைசியாக ஈரத்துணி. தண்ணீர் முதலில் பட்டால் தடத்துக்குள்ளேயே கெட்டியாகிக் கதவு நகராது.

கியோத்தோ பல்கலைக்கழகத்தின் எரிமலை ஆய்வாளர்களுக்கு நன்றி சொல்லும்போது வார்த்தை போதவில்லை. 1960 முதல் இங்கேயே தங்கி இந்த மலையின் மூச்சை அளந்து வருகிறீர்கள். பாறைக்குள் குடைந்த சுரங்கங்களில் வைத்த கருவிகள், நிலம் இம்மியளவு சாய்வதையும் நீள்வதையும் பிடிக்கின்றன. வெடிப்புக்கு முன் மலை லேசாக உப்பும், வெடித்ததும் சுருங்கும். 1914-இல் இப்படிச் சொல்ல யாரிடமும் கருவி இல்லை. அந்த சனவரியில் நிலநடுக்கங்கள் தொடர்ந்தபோது, வானிலை நிலையத்தார் சொன்ன 'வெடிக்காது' என்ற பதிலை நம்பித் தங்கியவர்களும் இருந்தார்கள். 12-ஆம் தேதி மலை வெடித்தது. பிறகு வழிந்த எரிமலைக் குழம்பு கடலை மூடித் தீவை ஓசுமியோடு ஒட்ட வைத்தது. ஊரார் எழுப்பிய நினைவுக்கல் ஒன்று இன்றும் தீவில் நிற்கிறது. அறிகுறி தெரிந்தால் கணிப்பை நம்பிக் காத்திராமல் கிளம்புங்கள் என்பது அதன் சாரம். அந்தக் கல்லை வைத்துக்கொண்டே உங்களையும் நம்புகிறோம் என்றால், அது நீங்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்துச் சம்பாதித்த நம்பிக்கை.

2022 சூலை 24 இரவு 8:05 மணிக்கு வெடித்தபோது, கற்கள் எரிமலை வாயிலிருந்து சுமார் 2.5 கிலோமீட்டர்வரை பறந்தன. 8:50-க்கு எச்சரிக்கை நிலை உச்ச அளவான 5 ஆனது. அரிமுரா, ஃபுருசாதோ பகுதிகளில் 33 வீடுகளைச் சேர்ந்த 51 பேரை வெளியேறச் சொன்னார்கள். மூன்றே நாளில் நிலை மறுபடி 3-க்கு இறங்கியது. அன்று கதவைத் தட்டி அழைத்துப் போனவர்களுக்கும், தங்குமிடத்தில் இடம் ஒதுக்கிக் காத்திருந்தவர்களுக்கும் தீவு முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

படகுத்துறையினருக்கும் அப்படியே. நகரத்துக்குப் போகும் 15 நிமிடப் பயணம் எங்களுக்குக் காய்கறி, மருத்துவர், அலுவலகம் எல்லாம். மலை சீறினால் அதே படகுகள்தான் எங்களை அக்கரை சேர்க்கும். வெளியேறும் பயிற்சியின்போது, வீட்டில் யார் யார் என்று எழுதிய குடும்ப அட்டையைத் துறையில் கொடுப்பது சடங்கு போலத் தோன்றும். யார் ஏறிவிட்டார், யார் இன்னும் வரவில்லை என்பது அந்த அட்டையில்தான் தெரியும். இருவர் உள்ள வீட்டில் ஒருவர் வேலைக்காக அக்கரையில் இருந்தால், அதை அட்டை வாங்குபவரிடம் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் இல்லாத ஒருவரைத் தேடி இன்னொருவர் மலைப்பக்கம் போக நேரும்.

மின்கம்பம் ஏறுபவர்களே, தூறல் நாட்களில் உங்களை அதிகம் நினைக்கிறோம். உலர்ந்த சாம்பல் மின்சாரம் கடத்தாது. கொட்டும் மழை அதைக் கழுவிவிடும். தூறல்தான் பீங்கான் காப்பான்களில் படிந்ததை நனைத்துவிட்டுக் கழுவாமல் போய், பொறி பறக்க வைக்கும். ஓடைகளில் தடுப்பணை கட்டிப் பராமரிப்பவர்களுக்கும் மழைநாளில்தான் வேலை உச்சம். சாம்பல் மூடிய சரிவில் தண்ணீர் இறங்காமல் அப்படியே வழிந்து, பாறைகளை உருட்டிக்கொண்டு வரும். எரிமலை வாயைச் சுற்றி நாங்கள் போகக் கூடாத 2 கிலோமீட்டர் வட்டத்துக்குள், தொலைவிலிருந்து இயக்கும் எந்திரங்களால் அந்தப் படிவுகளை அள்ளி அணையைக் காலி செய்து வைக்கிறீர்கள். அணை நிரம்பியே கிடந்தால் அடுத்த மழை சாலையில்தான் இறங்கும்.

குழந்தைகள் மஞ்சள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போகும்போது கூடவே நடந்து போகும் பெரியவர்கள், சாலையோரக் கான்கிரீட் ஒதுங்கிடங்களைக் கூட்டி வைப்பவர்கள், கல்லறைகள் மேல் கூரை போட்டு இறந்தவர்களின் பெயர்களையும் சாம்பலில் மறையாமல் காப்பவர்கள், கூடாரத்துக்குள் சிற்றாரஞ்சுகளையும் வெளியே அரிதாக முப்பது கிலோவையும் தாண்டும் முள்ளங்கியையும் விளைவிக்கும் உழவர்கள் எல்லோருக்கும் எங்கள் வணக்கம். சாம்பலில் மீனைப் புதைத்துக் கருவாடு போடக் கற்றுத் தந்த கடைக்காரருக்கும்தான். மீனைத் துணியிலும் நீர் கசியும் மெல்லிய தாளிலும் சுற்றாமல் நேரே சாம்பலில் வைத்துவிடாதீர்கள் என்று அவர் சொன்னதை இங்கே மறுபடி சொல்லி வைக்கிறோம். சாம்பல் ஈரத்தை மட்டும் உறிஞ்ச வேண்டும், மீனில் ஒட்டக் கூடாது.

மஞ்சள் பை அடுத்த கோடைக்கு ஐம்பது வாங்கி வைத்திருக்கிறோம். பாதிக்கு மேல் நிரப்ப மாட்டோம்.

அன்புடனும் நன்றியுடனும்,
மேற்குக் கரையிலிருந்து இருவர்