பட்டியலில் ஏறாத பெயர்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிலாளர் விபத்துக் காப்பீடு சிறு முதலாளிகளுக்குச் சுமை, அவர்களுக்கு விலக்கு வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 30 வருடம் சம்பளப் பட்டியல் எழுதியவன் நான். சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் காப்பீட்டின் பிரீமியம் பெரும்பாலும் இரண்டை வைத்துத்தான் வரும். மொத்தச் சம்பளம் எவ்வளவு, வேலை எந்த வகை. மேஜையில் உட்கார்ந்து எழுதுபவருக்குக் குறைவு, கூரைமேல் ஏறுபவருக்கு அதிகம். குறைக்க நினைப்பவர்கள் கைவைப்பதும் இந்த இரண்டில்தான். பத்துப் பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஆறு பெயர்தான் பட்டியலில் ஏறும். மெஷின் ஓட்டுபவர் எழுத்தர் ஆகிவிடுவார். மற்றவர்கள் 'கான்ட்ராக்ட் ஆள்'.

நான் இருந்த ஒரு பட்டறையில் அப்படித்தான் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அப்படி விடுபட்ட ஒரு பையனுக்கு பவர் பிரஸ்ஸில் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. ஐந்து வருடம் அதே மெஷினில் நின்றவன், காகிதத்தில் அங்கே இல்லவே இல்லை. முதலாளி ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கொஞ்சம் கொடுத்தார், பாவம் பார்த்து. உரிமையாக வந்திருக்க வேண்டிய பணத்துக்கு அவன் அம்மா பட்டறை வாசலில் வந்து நின்றார். அந்தப் பட்டியலில் இருந்தது என் கையெழுத்து. இன்றுவரை அது உறுத்துகிறது.

இந்தக் காப்பீடு ஏன் வந்தது என்பதையும் கட்டுரையாளர் யோசிக்க வேண்டும். முன்பெல்லாம் அடிபட்டவர்தான் முதலாளியின் தவறைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். உடன் வேலை செய்தவரின் கவனக்குறைவு என்றால் வழக்கே நிற்காது. ஜெர்மனி 1884-இல் விபத்துக் காப்பீட்டைச் சட்டமாக்கி, அதற்கான தொகையை முதலாளிகளே கட்ட வேண்டும் என்றது. பிரிட்டனில் 1897-இல் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. யார் தவறு என்று தோண்டாமல் இழப்பீடு கிடைக்கும், பதிலுக்குப் பல நாடுகளில் தொழிலாளி முதலாளிமேல் தனியாக வழக்குப் போட முடியாது. அதாவது, முதலாளிக்கும் இது பாதுகாப்புதான். காப்பீடு எடுக்காததால் பொறுப்பு போய்விடாது. முழுத் தொகையும் அவர் சொந்தப் பணத்திலிருந்து போகும். பெரிய கம்பெனி அதைத் தாங்கும். நாலு பேரை வைத்துத் தொழில் செய்பவர் ஒரே விபத்தில் கடையை மூட வேண்டியதுதான். சிறியவர்களுக்கு விலக்கு வேண்டும் என்ற வாதத்தை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1925-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், முதலாளியோ காப்பீட்டு நிறுவனமோ திவாலானாலும் இழப்பீடு கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றே இருக்கிறது. முதலாளியின் நல்ல மனதை நம்பி யாரும் அதை எழுதவில்லை.

சரி, சிறு முதலாளிக்கு வருடத் தொகையை மொத்தமாகக் கட்டுவது கஷ்டம்தான். மாதச் சம்பளத்தோடு சேர்த்துத் தவணையாகக் கட்டும் வசதியைக் கேட்கட்டும், நானும் சேர்ந்து கேட்கிறேன். ஆனால் அந்தத் தொகையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

இன்னொரு வேண்டுகோள். பாலிசி எண், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், அதில் சேர்ந்தவர்களின் பட்டியல் மூன்றையும் வேலை நடக்கும் இடத்தின் சுவரிலேயே ஒட்டச் சொல்லி உங்கள் இதழ் எழுத வேண்டும். புதிதாகச் சேரும் ஆள் முதல் நாளே தன் பெயரை அதில் தேடிப் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்